மாப்பிள்ளைத் தகடு

அக்காவுக்கு நல்ல இடம் அமைய வேண்டுமென்று ஆத்தா நார்த்தாமலைக்கு நடந்துபோய் ஒரு மந்திரவாதியிடம் எழுதி வாங்கி வந்தது அந்தச் செப்புத் தகடு. மஞ்சள் துணியில் சுற்றி அம்மன் படத்தடியில் வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் பிரித்துப் பூப்போடுவாள். நானும் அக்காவும் அதற்கு வைத்திருந்த பெயர் மாப்பிள்ளைத் தகடு. அதன் பலனோ என்னவோ, திருமயம் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பெண் பரீட்சையெல்லாம் எழுத வேண்டாம், அதற்குமுன் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார்கள். நிச்சயத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, ஆத்தா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அக்கா அந்தத் தகட்டை அடுப்பில் போட்டாள்.

செம்பைப் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, உப்புத் தண்ணீரில் நிறுத்தி வெயிலில் வைத்தால் மின்சாரம் வரும் என்று அவள் படித்திருந்தாள். மின்சாரம் பட்டால் முள் நகரும் மீட்டர் ஒன்றையும் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். தணலில் தகடு கன்னங்கரேலென்று ஆனது. ஆறும்போது கறுப்பு செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் ரத்தச் சிவப்பு தெரிந்தது. மந்திர எழுத்து பாதிக்குமேல் மறைந்துவிட்டது.

கண்ணாடிக் குவளையில் ஒரு பக்கம் தகடு, மறுபக்கம் பூஜைக்கு வைத்திருந்த செப்பு உத்தரணிக் கரண்டி. முற்றத்து வெயிலில் முள் மெல்ல நகர்ந்தது. கையால் மறைத்தால் பழைய இடத்துக்கே போனது.

"பாத்தியாடி, வெயிலு வேலை செய்யுது" என்றாள் அக்கா. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு கிறீச்சிட்டது. அக்கா பதறவில்லை. குவளையையும் மீட்டரையும் அடுக்களைக்குள் தள்ளிவிட்டு, தகட்டைத் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

ஆத்தா விளக்கேற்றித் துணியைப் பிரித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யாரு இதத் தொட்டது?" என்று என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள்.

"தகடு ரத்தமாச் செவந்து கெடக்குங்க. அம்மனுக்கே பிடிக்கலைங்க. இந்த எடம் வேணாங்க."

அப்பா சாமியை மீறி எதுவும் செய்யமாட்டார், ஆத்தாவை மீறியும்தான். மத்தியான பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் போனது.

எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை. "தகட்ட கொளத்துல போட்ருந்தா, தொலைஞ்சு போச்சுன்னு ஆத்தா விட்ருக்கும்ல? ஏன்க்கா திரும்ப வச்ச?" என்று சாயங்காலம் கேட்டேன்.

அக்கா மீட்டரைப் பத்திரமாகப் பொதிந்துகொண்டிருந்தாள். "தொலைஞ்சா ஆத்தா இன்னொண்ணு எழுதி வாங்க நார்த்தாமலைக்கு நடக்கும்டி" என்றாள்.

ஆத்தாவின் கால்வலியை இவ்வளவு நினைத்துப் பார்க்கிறாளே என்று எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது.