இசைவாணிக்கு எழுதிய வரி

நாகஜோதி டீச்சருக்கு மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பிடிக்காது. மூன்றாம் வகுப்பின் முப்பத்து நாலு வீடுகளுக்கும் அன்று மடல் போக வேண்டும். வகுப்பில் என்ன நடந்தது, அடுத்த மாதம் என்ன நடக்கும், கடைசியில் அந்தந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி. எல்லாம் ஆங்கிலத்தில். தாடிக்கொம்பு சாலையில் இருந்த அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வராததால்தான் அனுப்பினார்கள். மடல் தமிழில் போனால் அவர்கள் முகம் சுண்டிப்போகும் என்பது தாளாளர் கிளெமென்ட்டின் கணிப்பு.

அவர் ஒரு விதி வைத்திருந்தார். மடலில் குறை வரக்கூடாது.

"குறைய வாயால சொல்லலாம் மிஸ். பேப்பர்ல போட்டா அது தெருத்தெருவா சுத்தும்" என்பார்.

பதினோரு வருடத்தில் நாகஜோதிக்கு அது கைவந்துவிட்டது. பெஞ்சில் உட்காராத பையன் துடிப்பானவன். வாயே திறக்காத பிள்ளை ஆழ்ந்து கவனிப்பவள். ரப்பரைத் தின்றவன் புதியதை அறியும் ஆர்வம் மிக்கவன். மற்ற டீச்சர்கள் அவளிடம் வந்து வரி கேட்டு வாங்கிப்போனார்கள். அகரம் கிராமத்தில் பிறந்து, அஞ்சல் வழியில் ஆங்கிலம் எம்.ஏ. முடித்ததற்கு அவளுக்குக் கிடைத்த மரியாதை அது. மகள் தேவதர்ஷினி அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஆசிரியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம். வேறு பள்ளி பார்க்கலாமே என்று யாராவது கேட்டால் நாகஜோதி பேச்சை மாற்றிவிடுவாள்.

இசைவாணிக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதை அவள் ஆகஸ்டிலேயே கண்டுபிடித்துவிட்டாள். வகுப்பே சேர்ந்து வாசிக்கும்போது அந்தப் பிள்ளையின் கண் புத்தகத்தில் இருக்காது, பக்கத்துப் பிள்ளையின் உதட்டில் இருக்கும். குரல் அரை நொடி பிந்தி வரும். இரண்டு முறை கேட்டால் பாடம் முழுவதும் மனப்பாடம். நடுவில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னால் பக்கத்தின் தலையிலிருந்து ஆரம்பிப்பாள். ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் அப்படித்தான்.

அன்றே கிளெமென்ட்டிடம் போய்ச் சொன்னாள்.

"ஸ்டேஜ்ல அம்புட்டு அழகாப் பேசுற புள்ள. தானா வந்துரும். இப்பவே பேரன்ட்ஸக் கெளப்பி விடாதீங்க மிஸ்."

அந்த மாதம் இசைவாணிக்கு, ஆர்வத்துடன் பங்கேற்கிறாள் என்று எழுதினாள். பொய் இல்லை. செப்டம்பரில், நினைவாற்றல் வியக்க வைக்கிறது. அதுவும் பொய் இல்லை. பிப்ரவரி வந்தபோது இப்படி ஆறு மடல் போயிருந்தது. ஜூனில் பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போய்விடுவாள். அங்கே புத்தகம் தடிமன். யாரும் சேர்ந்து வாசிக்க மாட்டார்கள்.

கிளெமென்ட்டிடம் கேட்காமல் அவள் தாயை வரச்சொன்னாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பூப் பறித்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பொன்னழகு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஆறு மடலும் அதில் மடங்காமல் இருந்தன.

"எனக்கு இங்கிலீசு தெரியாது டீச்சர். இவதான் வாசிச்சுச் சொல்லுவா. அவுக அப்பா லாரில இருந்து வீடியோ கால்ல வருவாக. ஒட்டன்சத்திரத்துல லோடு ஏத்துறப்ப மத்த டிரைவருகளையும் கூப்ட்டு வச்சுக் கேப்பாக. ஏத்தா, டீச்சருக்கு வாசிச்சுக் காட்டு."

இசைவாணி ஒரு மடலை உருவினாள். தலைகீழாகப் பிடிக்கவில்லை. குட் மார்னிங்கில் தொடங்கி, கடகடவென்று ஆங்கிலம் போன்ற ஒன்று ஓடியது. நடுநடுவே கேர்ள், ஸ்கூல், சூப்பர். பிறகு நிறுத்தி, தமிழில் அர்த்தம் சொன்னாள்: "இசைவாணி கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்டு. டீச்சருக்கு அவள ரொம்பப் பிடிக்கும்." சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தாள்.

நாகஜோதி அப்போது தலையாட்டிவிட்டிருக்கலாம். ஆனால் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, நடுப்பக்கத்தைத் திறந்து, நாலாவது வரியில் விரலை வைத்தாள். பிள்ளை முதல் வரியிலிருந்து சொன்னாள். மீண்டும் விரலை வைத்தாள். மீண்டும் முதல் வரி.

பொன்னழகு எட்டாவது வரை படித்தவள். குனிந்து பார்த்தாள். தன் விரலை ஒரு சொல்லின் கீழ் வைத்து, "இது என்னத்தா?" என்றாள்.

பிள்ளை மறுபடி முதல் வரியைத் தொடங்கினாள்.

"நத்தை" என்று பொன்னழகே வாசித்தாள். "நீ செத்த நேரம் வெளிய இரு."

பிள்ளை போன பிறகு மடல்களைக் காட்டிக் கேட்டாள்.

"இதெல்லாம் எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"நல்லா இருக்கு டீச்சர் ஒங்க வேல. இங்கிலீசுல எழுதிட்டா எங்களுக்கென்ன தெரியப்போகுதுன்னு."

"இந்த மாசம் உள்ளத எழுதிரலாம்னு இருக்கேன்" என்றாள் நாகஜோதி. சொன்னதும் அவளுக்கே மூச்சு இலகுவானது போலிருந்தது. கிளெமென்ட் என்ன செய்வார், தேவதர்ஷினி என்ன ஆவாள், எல்லாவற்றையும் இரண்டு இரவுகள் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பொன்னழகு பதறிப்போனாள்.

"எழுதிப்புடாதீக!"

"ஏன்?"

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இங்கிலீசு பள்ளிக்கூடம்னு போன வருசமே குதிச்ச மனுசன். எரியோட்டுல அவுக ஆத்தா வீட்ல கொண்டுபோயி விட்ருவேன்னாரு. அங்க விட்டா ஆடுதான் மேய்க்கணும். இப்ப இந்தக் காயிதத்த செராக்ஸ் எடுத்து லாரி கண்ணாடிக்கு மேல ஒட்டிவச்சுருக்காரு. அதுலதான் டீச்சர் எம்புள்ள படிச்சுக்கிட்டு இருக்கு."

"அப்ப வாசிக்கிறதுக்கு?"

"சொல்லிக்குடுங்க. இனிமே வீட்ல நானும் பாக்குறேன். ஆனா காயிதத்துல கைய வச்சுராதீக." உறைக்குள் மடலைத் திரும்ப நேராகச் செருகினாள். "இம்புட்டு நாளு ஒங்களுக்காக எழுதுனீக. இனிமே எனக்காக எழுதுங்க."

சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே இருந்தது என்று நாகஜோதி தேடினாள். நாலு பத்துக்குப் பள்ளி வேன் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. காலையில் வேன் வரும்போதே மணி அடித்துவிடும். மிச்சம் இருந்தது மதிய இடைவேளை. நாற்பது நிமிடம். அதில் பாதிக்கு மேல் மற்ற பிள்ளைகளின் டப்பாவைத் திறந்து கொடுப்பதில் போய்விடும். மீதி இருபது நிமிடத்தில் இசைவாணியும் அவளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று எழுத்து. மறுநாள் அதில் இரண்டு மறந்திருக்கும்.

கடைசி வெள்ளி வந்தது. ஒரு மணிக்கு மடல் அச்சுக்குப் போக வேண்டும். முப்பத்து மூன்று பிள்ளைகளை முடித்துவிட்டு நாகஜோதி அலுவலகக் கணினி முன் சும்மா உட்கார்ந்திருந்தாள். மதிய இடைவேளைக்கு மணி அடித்தது. கடைசி பெஞ்சில் இசைவாணி காத்திருப்பாள். கிளெமென்ட் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஒண்ணுதான பாக்கி மிஸ்?"

லாரியில் அதைக் கேட்கப்போகும் இசைவாணியின் அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் இந்த முறை அவருக்காகத்தான் எழுதினாள். சொற்களை மெதுவாகத் தேடினாள். பிடிக்காமல் ஒன்றை அழித்தாள். வேறு போட்டாள். இந்தப் பிள்ளை தினமும் ஒரு புதிய கதவைத் திறக்கிறாள், அவளை எங்களிடம் அனுப்பியதற்கு நன்றி.

கிளெமென்ட் குனிந்து இரண்டு முறை வாசித்தார்.

"அட! இதுதான் மிஸ் மடல். மத்த புள்ளைகளுக்கும் இதே மாதிரி மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

நாகஜோதி முதல் பெயருக்குத் திரும்பினாள். சுவர்க் கடிகாரத்தில் இடைவேளை பதினோரு நிமிடம் போயிருந்தது.