மிதவை கட்டிய சாவி

எங்கள் ஆய்வகச் சாவியில் ஒரு மிதவை கட்டியிருக்கும். மீன்வலையின் மேல்விளிம்பில் வரிசையாகக் கோத்திருப்பார்களே, அந்த வெள்ளை மிதவை. பல கைகள் பட்டுப் பட்டு இப்போது தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. கட்டியவர் எங்கள் ஆய்வக உதவியாளர், எல்லோருக்கும் லேப் அக்கா. கடல்நீர்த் தொட்டிக்குள் சாவி இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். இரண்டாம் முறை நண்டு விரலைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காசிமேட்டிலிருந்து இந்த மிதவையைக் கொண்டுவந்து நைலான் நூலால் இறுக்கிக் கட்டினார். "இனிமே வுளுந்தாலும் தானா மேல வந்துரும் டீச்சர், நண்டாண்ட கடி வாங்க வேணாம்" என்றார். இன்று காலையும் அந்தச் சாவியைத்தான் வாங்கினேன். வாங்கும்போதெல்லாம் முதலில் அவர் நினைப்பு வரும், பின்னாலேயே கொஞ்சம் வெட்கமும் வரும். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கடல் உயிரியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். பட்டத்தில் இருக்கிற கௌரவம் சம்பளத்தில் கிடையாது, மே மாதத்தில் அப்போதெல்லாம் சம்பளமே கிடையாது. அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை. "டாக்டர் பட்டம் வாங்கிட்டு நம்ம கடை மூட்டைக்காரரை விடக் கம்மியா வாங்குதியே" என்று அவர் கேட்காத பண்டிகை கிடையாது. அவரிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து தொண்டை. கடைக்கு எதிர்ச்சாரியில் நிற்கிற வண்டிக்காரருக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற தொண்டை. லேப் அக்கா அப்படியில்லை. திருவொற்றியூரிலிருந்து விடிவதற்குள் வந்துவிடுவார். வாசல் காவலரிடம் சாவிப் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்குவார். காற்று பம்பு ஓடுகிறதா என்று பார்ப்பார், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவார், மீனுக்குத் தீனி போடுவார். நாங்கள் பாடம் நடத்த வரும்போது எல்லாம் உயிரோடு இருக்கும். அது எப்படி உயிரோடு இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

பதினாறு ஆண்டு தினக்கூலியாக இருந்து, அதன் பிறகுதான் நிரந்தரமானார். நிரந்தரமாகி எட்டு ஆண்டு. ஓய்வுபெற இரண்டு மாதம்தான் பாக்கி. நிரந்தரப் பணி பத்து ஆண்டு இருந்தால்தான் ஓய்வூதியம் என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. தினக்கூலிக் காலத்தில் பாதியையாவது சேர்த்தால் அவருக்குக் கிடைத்துவிடும், சேர்க்காவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் துறைமுகத்தில் சுமை தூக்கி முதுகு போய்ப் படுத்துக்கிடந்தார். அலுவலகத்தில் போய்க் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். தினக்கூலிக்காரர்களுக்கு வருகைப் பதிவேடு வைப்பதில்லை, பழைய ரசீதுகள் மழைத் தண்ணீரில் போய்விட்டன, வேலை பார்த்ததற்கு ஆதாரம் இல்லை. இருபத்துநாலு வருஷமாகத் தினமும் கண்ணால் பார்த்த ஆளிடம் நீ வந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பதற்கும் ஒரு மனசு வேண்டும்.

நாங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு அவர் பெயரும் ஒரு காரணம். தினக்கூலிக் காலத்தைச் சேர்க்க வேண்டும், எங்களுக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் வேண்டும், பணி நிரந்தரம் வேண்டும், ஃபார்மலின் நெடியில் கண்ணெரிய நிற்கிற ஆய்வகங்களுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று கோரிக்கைகளை நான்தான் எழுதினேன். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் வாசலுக்கு வெளியே ஷாமியானா போட்டு உட்கார்ந்தோம். கண்டெய்னர் லாரி ஒன்று போனால் முகத்தில் ஒரு பூச்சுப் புழுதி, அடுத்தது போனால் இன்னொரு பூச்சு. ஆசிரியர், அலுவலர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. யாரும் வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தொண்டையைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

நான்காம் நாள் பத்து மணிக்கு வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊழியர்கள் வழக்கம்போல் பணிக்கு வருகிறார்கள், ஒரு சிலர்தான் வெளியே அமர்ந்து இடையூறு செய்கிறார்கள் என்று பதிவாளர் கையெழுத்தோடு இருந்தது. அதன் கீழே ஆதாரம் என்று சாவிப் பதிவேட்டின் நகல். நான்கு நாளும் காலை ஐந்து ஐம்பதுக்கு லேப் அக்காவின் கையெழுத்து, அழகாக, ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல். எனக்கு மூக்கு நுனிவரை கோபம் ஏறியது. ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை எல்லோர் முன்னாலும் கேட்டேன். "வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கே அக்கா. உங்களுக்காகத்தானே வெயில்ல கிடக்கோம். நீங்களே உள்ள போனா நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

அவர் எழுந்து நின்றார். "மீனுக்கு இன்னா தெரியும் டீச்சர் ஸ்ட்ரைக்கு? காத்து பம்பு ஒரு வேள நின்னா அத்தினியும் மெதக்கும். அத்த பாத்துட்டு, தீனி போட்டுட்டு வந்துட்டேன். வேற வேல தொட்ல."

"அதுக்குக் கையெழுத்து எதுக்கு?"

"சாவி வாங்கினா கையெழுத்து. எத்தினி வர்சமா அப்டித்தான். கை தானா போட்ச்சு."

"அப்போ மீனோடயே போய் உக்காருங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. ஷாமியானாவின் கடைசி மூங்கில் பக்கத்தில், நிழல் முடிகிற இடத்தில் போய் உட்கார்ந்தார். மத்தியானம் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டார். எண்ணூர்ப் பாறைகளில் ஒட்டியிருக்கிற பாசிக்கு என்னென்ன வேண்டும் என்று மணிக்கணக்காகப் பாடம் நடத்துகிற எனக்கு, எங்கள் தொட்டி மீன் நான்கு நாள் எப்படிப் பிழைத்தது என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அது அப்போது உறைக்கவும் இல்லை. தலைக்குள் அந்த நோட்டீஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பதிவாளர் எங்களைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். லேப் அக்காவையும் அழைத்து வரச் சொன்னார். அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தால் போராட்டம் அங்கேயே கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார். நாங்கள் ஐந்து பேர் மேசையின் ஒரு பக்கம். அக்கா பெரிய வயர்கூடை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவாளர் சாவிப் பதிவேட்டைத் திருப்பி வைத்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"என்துதான் சார்."

"அப்போ வேலைக்கு வந்திருக்கீங்க."

"இந்த புக்குல கையெழுத்து கீதுன்னா வேலைக்கி வந்தா மாரிதானா சார்?"

"அதுல என்ன சந்தேகம்? அதைத்தானே நோட்டீஸா ஒட்டியிருக்கோம்."

அக்கா கூடைக்குள் கையை விட்டார். பழைய சாவிப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். அறையெல்லாம் உப்பும் பாசியுமாக ஒரு வாடை. எனக்கு அந்தப் புத்தகங்கள் நன்றாகத் தெரியும். மாணவர்கள் பாறையிலிருந்து கொண்டுவரும் கடற்பாசியைத் தாளில் விரித்து, மேலே கனமாக ஏதாவது வைத்து அழுத்திக் காயவைப்போம். ஈரத்தை இழுக்கிற மாதிரி பழைய தாளாக இருந்தால் நல்லது. காவலர் அறையில் வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற பதிவேடுகளை அக்கா கேட்டு வாங்கிவந்து அதற்காக வைத்திருந்தார். அவற்றின்மேல் கையை ஊன்றி எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை.

பதிவாளர் திறந்தார். பக்கங்களில் பாசியின் நிழல் பச்சையும் பழுப்புமாகக் கிளைகிளையாக இறங்கியிருந்தது. அதன் நடுவே ஐந்து ஐம்பது, ஐந்து ஐம்பத்தைந்து, மழை நாளில் ஆறு பத்து. ஒவ்வொரு நாளும் அதே கையெழுத்து. சில இடத்தில் பாசி தாளோடு ஒட்டிப் பெயரைப் பாதி மூடியிருந்தது, மீதிப் பாதி தெரிந்தது. "நாலு நாளு கையெழுத்த நம்பி நோட்டீஸ் ஒட்னீங்கோ சார்" என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "இதுல பதினாறு வர்சம் கீது. இத்தயும் நம்புங்கோ." பதிவாளர் இன்னும் இரண்டு புத்தகத்தைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை இழுத்துப் புரட்டினார்கள். நானும்தான்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் வெயிலில் உட்கார்ந்தோம். ஆனால் உட்கார்ந்த தோரணை வேறு. தினம் விடியற்காலையில் அக்காவோடு நானும் போனேன். பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் "வேலைநிறுத்தத்தில் இருக்கிறோம், மீனுக்காக மட்டும்" என்று எழுதிச் சாவி வாங்கினோம். கடைசியில் தினக்கூலிக் காலத்தில் பாதியைச் சேர்க்க ஆணை வந்தது. அக்கா ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார். எங்களுக்கு மே மாதச் சம்பளம் வந்தது. நிரந்தரத்தைப் பரிசீலிக்க ஒரு குழு போட்டார்கள், இன்னும் பரிசீலிக்கிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு கேட்டோம், ஒன்று கிடைத்தது.

போராட்டம் முடிந்த மறுநாள் ஆய்வகத்தில் மன்னிப்புக் கேட்டேன். அக்கா தொட்டிக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "வுடு டீச்சர். மத்தவங்கோ மூஞ்சிய திருப்பிக்கினாங்கோ, நீ மூஞ்சிக்கி நேரா கேட்ட. மீனோடயே உக்காருன்ன பாரு, அப்பதான் அங்க குந்திகினு யோசிச்சேன். மொத நாலு நா கை தானா போட்ச்சு. அஞ்சாவது நா யோசிச்சே போட்டேன்."

இப்போது வாசலில் விரல் வைக்கிற இயந்திரம் வந்துவிட்டது. சாவிப் பதிவேடு இனித் தேவையில்லை என்று சுற்றறிக்கையும் வந்தது. கௌரவ விரிவுரையாளர்களின் விரலையும் ஒப்பந்தப் பணியாளர்களின் விரலையும் அந்த இயந்திரத்தில் ஏற்றவில்லை. கேட்டால் நாங்கள் பட்டியலில் இல்லையாம். சரி என்று வண்ணாரப்பேட்டையில் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கிவந்து காவலரிடம் கொடுத்தேன். வருஷம் முடிந்ததும் பாசி அழுத்த வேண்டும் என்று திருப்பி வாங்கிக்கொள்வேன். நான் சேர்ந்த வருஷத்திலிருந்து எல்லாப் புத்தகமும் ஆய்வக அலமாரியில் இருக்கின்றன. இது பதினோராவது. குழு பரிசீலித்து முடிக்கட்டும், எனக்கு அவசரமில்லை, ஆதாரம் இருக்கிறது. இன்று காலையும் காவலர் நோட்டை நீட்டினார். பெயரை முழுதாக எழுதினேன். நேரம் எட்டு நாற்பது. யோசித்தே கையெழுத்துப் போட்டுவிட்டு, மிதவையைப் பிடித்துச் சாவியை வாங்கிக்கொண்டேன்.