உட்காராத தேன்சிட்டு

பஸ் ஸ்டாப் பெஞ்ச் காலியாக இருந்தாலும், தினமும் என்னோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அவர் உட்கார மாட்டார். ஒல்லி உடம்பு, கக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை.

ஒரு சாயங்காலம் பக்கத்து இட்லிப்பூச் செடியில் ஏதோ ஒன்று விர்ரென்று சிறகடித்துத் தேன் குடித்தது. உடனே போட்டோ எடுத்து, "நம்ம பிளாக்கில் புதுத் தேன்சிட்டு!" என்று குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டேன்.

அவர் என் போனை எட்டிப் பார்த்தார். "சிட்டு இல்லீங்க சார், அந்துப்பூச்சி. தலையில ரெண்டு கொம்பு நீட்டிகினு இருக்குது பாருங்க."

"தேன்சிட்டும் இதே சைஸ்தானேங்க?"

"சைஸும் ஒண்ணு, சாப்பாடும் ஒண்ணு. ஆனா சிட்டு காம்புல உக்காந்து குடிக்கும், அது பர்மனென்ட். இது பறந்துகினே குடிக்கும், கான்ட்ராக்ட்!"

விழுந்து விழுந்து சிரித்தேன். குழுவில் திருத்தமும் போட்டேன்.

பஸ் வந்தது. அதே மைன்ஸில் பர்மனென்ட் ஊழியனான நான் வழக்கம்போல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. "மைன்ஸ்ல கரி ஓடுற பெல்ட் பக்கத்துல நின்னு நின்னு பழகிடுச்சு சார்."

எனக்கு என்னவோ போலிருந்தது. எழுந்து அவரோடு நின்றேன். முதல் வளைவிலேயே தடுமாறி அவர் மேல் சாய்ந்தேன்.

தோளைப் பிடித்து என்னை உட்காரவைத்துவிட்டு அவர் சிரித்தார். "சிட்டுக்கு எதுக்கு சார் இந்த வேலை?"