பிரித்துப் பார்க்காத மூட்டை

எங்கள் அன்பு அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நன்றி ஆராதனைக்காகக் குளிரையும் மேட்டையும் பாராமல் ஜெகதளா வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர், நண்பர், சபையார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அண்ணி விடவில்லை. "தம்பி, சபைல வருசா வருசம் அறிக்கை எழுதறது நீங்கதானுங்க. உங்களுக்குத்தான் வார்த்தை வரும். நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார். எழுதுகிறேன். எழுதும் முன்பே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அண்ணன்மீது எனக்குப் பொறாமை. அவர் போன பிறகும் அது தீரவில்லை. அந்தப் பொறாமையில் நான் செய்த ஒரு காரியத்தை வெளியே சொல்லிவிடுவதாக அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் இருந்தவரை சொல்லவில்லை. நன்றி கூறும் பகுதிக்கு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் பிறந்தது சத்தியமங்கலம் பக்கம், அம்மாவின் ஊரில். அப்பா தேயிலை எஸ்டேட் வேலைக்காக நீலகிரி மலையேறியபோது அவர் கைக்குழந்தை. நான் பிறந்தது இங்கே, எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில். அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்து ஜெகதளாவில் இரண்டு ஏக்கர் தேயிலை வாங்கினார். அவர் மறைந்ததும் அம்மா அதை ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தார். தண்ணீர் ஊற்று அண்ணன் பக்கம் விழுந்தது. சண்டைக்கு நல்ல காரணம் கிடைத்தது என்று நான் வாயைத் திறப்பதற்குள், "ஊத்து ரெண்டு பேத்துக்கும் பொதுவுங்கம்மா" என்று அண்ணன் முடித்துவிட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே இல்லை. என்னை அப்படி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டி வைத்தார்கள். நான் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினேன். அண்ணன் போட்டிக்கே வந்து சேரவில்லை. வழியில் கால் பிசகி உட்கார்ந்திருந்த எஸ்டேட் வாட்ச்மேனைக் கைத்தாங்கலாக அவர் வீட்டில் விட்டுவிட்டு, எல்லாம் முடிந்தபின் மழையில் நனைந்து வந்து நின்றார். பரிசு கொடுத்த டீச்சர் என் பெயரை ஒரு முறை சொன்னார். அண்ணன் கதையை அந்த ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் குரல் உண்டு. அண்ணன் பாடினால் சுருதி வேறு திசையில் போகும். ஆனாலும் ஆலயத்தில் அவர் பக்கத்தில் உட்காரத்தான் ஆட்கள் இருந்தார்கள். அவர் இடம் எப்போதும் கடைசிப் பெஞ்ச், செருப்பு கழற்றும் கதவோரம். தாமதமாக வந்து கூச்சத்தோடு நிற்பவர்களுக்கு நகர்ந்து இடம் கொடுத்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கையில் தருவார். அவர் யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. பொதுஜெபத்தில் வாய் திறந்தால் நாலு வரி. நானோ கால் மணி நேரம் ஜெபிப்பேன். கண்ணை மூடிக்கொண்டே, யார் ஆமென் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

தேயிலை விலை விழுந்த வருடங்களை இந்த மலைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கீழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை இலைக்குக் கிடைத்த விலை அதைப் பறிக்கும் கூலிக்கே காணவில்லை. வீட்டுக்கு ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறினார். சிலர் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். ஆள் வைக்க வழியில்லாத என் போன்றவர்கள், கையால் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டுக் கத்தரியால் செடியின் தலையைக் கத்தரித்து, முற்றிய இலையும் குச்சியுமாக மூட்டை கட்டினோம். லாரியில் ஏற்றும் இடத்திலும் தொழிற்சாலையிலும் ஒவ்வொரு மூட்டையையும் தரையில் கொட்டிக் கிளறி, சரியில்லாததைத் திருப்பி அனுப்பினார்கள். அதனால் அடியில் முற்றலை வைத்து மேலே கொழுந்தைப் பரப்பிக் கட்டும் வித்தை ஊருக்குள் பரவியது. எடை கூடத் தண்ணீர் தெளிப்பதும் நடந்தது. நானும் தெளித்திருக்கிறேன். சனிக்கிழமை இலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசித்திருக்கிறேன்.

அண்ணன் தோட்டத்தில் மட்டும் அதே இரண்டு இலை, ஒரு மொட்டு. அவரோடு செல்லம்மா அக்கா பறித்தார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கொழுந்தில் கை வைத்தால் விரல் ஓடுவது தெரியாது. விலை விழுந்த பிறகும் அண்ணன் அவரை நிறுத்தவில்லை. தம் வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொண்டு கூலியைக் கொடுத்தார். நிறைந்த கூடையை மேட்டுக்கு அவர் சுமக்க விடாமல் தாமே சுமந்தார். மாரியம்மன் நோன்பு வாரத்தில் அவர் கேட்கும் முன்பே, "போயிட்டு வாங்கம்மா, செடி எங்கயும் ஓடிப் போயிராது" என்று லீவு கொடுப்பார். நான் அதைப் பார்த்து, சாமி கும்பிடப் போகிறவருக்கு இவ்வளவு உபசாரமா என்று அண்ணியிடம் குறை சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் மூட்டையின் வாயை நீலக் கயிற்றால் கட்டுவார். இலை வாங்கும் ஏஜென்ட் அந்தக் கயிற்றைப் பார்த்ததும், "அவருதா? ஏத்துப்பா" என்று பிரிக்காமலே எடை போட்டு லாரியில் ஏற்றச் சொல்வார். பக்கத்திலேயே என் மூட்டை தரையில் கொட்டப்பட்டுக் கிடக்கும். நான் குனிந்து இலையை அள்ளிக் கட்டிக்கொண்டிருப்பேன். ஒரே அப்பா, ஒரே மண், ஒரே ஊற்றுத் தண்ணீர்.

ஒரு நாள் மஞ்சூரில், அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். அண்ணன் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். "டேய், கொட்டாயில ரெண்டு மூட்டை கட்டி வெச்சிருக்கறன். உன்றதோட சேத்து லாரில ஏத்தி உட்ரு" என்றார்.

"ஏத்தி உட்டர்றனுங்ணா, பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

முந்தைய நாள்தான் என் இலை திரும்பி வந்திருந்தது. இன்னும் ஒரு நாள் கிடந்தால் கருகிக் குப்பைக்குப் போகும். அண்ணன் மூட்டைகளின் நீலக் கயிற்றை அவிழ்த்தேன். கொழுந்தை வெளியே எடுத்து, என் முற்றல் இலையை அடியில் திணித்து, மேலே அவர் கொழுந்தில் கொஞ்சம் பரப்பி, அதே கயிற்றால் அதே முடிச்சைப் போட்டேன். மிச்சக் கொழுந்தை என் மூட்டைகளில் நிரப்பினேன். மனதுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அது பிடிபடக் கூடாது என்று நினைத்தேனா, பிடிபட வேண்டும் என்று நினைத்தேனா என்பது எனக்கே தெரியவில்லை.

ஏஜென்ட் வழக்கம்போல ஏற்றிவிட்டார். ஆனால் தொழிற்சாலைக்கு அன்று புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார். அவருக்கு நீலக் கயிறு தெரியாது. எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். மறுநாள் காலை அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இலை கொடுக்கும் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நானும் இருந்தேன்.

ஏஜென்ட் கொட்டிக் கிடந்த இலையைக் காட்டினார். "ஏனுங்க, உங்க மூட்டைல இப்படி இருக்குமுங்களா? என்னால நம்ப முடியலீங்க. இது உங்க மூட்டைதானுங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் குனிந்து ஒரு கை இலையை எடுத்தார். கத்தரி பட்ட இலையின் வெட்டு நேராக இருக்கும். அண்ணன் வீட்டில் கத்தரியே கிடையாது. என்னை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ற மூட்டைதானுங்க. என்ற கயிறுதான். தப்பு என்ற மேலயே இருக்கட்டுமுங்க" என்றார்.

அந்த வார்த்தைகளை எத்தனையோ முறை மனதில் புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. என் பழியை ஏற்றுக்கொள்ளும்போதுகூட அவருக்குப் பொய் சொல்லாமல் இருக்க முடிந்தது. அதற்கும் நான் பொறாமைப்பட்டேன்.

திரும்பி வரும்போது ஊற்றில் கை கழுவ நின்றார். "திட்டுங்ணா" என்றேன்.

"திட்டுனா உனக்குச் சுளுவாப் போயிரும்" என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார். "கோவம் இல்லாம இல்லடா. பிரிக்காம எடுக்கறாங்கன்னு எனக்குள்ளயும் ஒரு மெதப்பு இருந்துச்சு. அது போயிருச்சேன்னு வருத்தமாத்தான் இருக்குது. ஆனா அந்தம்மா பறிச்ச கைய இனி ஊரே குத்தஞ் சொல்லும். அதுதான் தாங்கல. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டன். நீயாச் சொல்லிரு. அந்தம்மாகிட்டயாவது சொல்லிரு."

"சொல்லீர்றனுங்ணா" என்றேன்.

மறுநாள் காலை அண்ணன் கூடையை மாட்டிக்கொண்டு என் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்து நின்றார். ஒரு வாரம் எனக்குச் செடி வரிசை பிடித்துப் பறித்துக் கொடுத்தார். அந்த ஒரு வாரத்தில் நான் அவரை வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை.

செல்லம்மா அக்கா விடவில்லை. "ஐயா, சின்ன வயசில இருந்து கொழுந்து எடுக்கிறவ நான். என் கையில முத்தல் வருமா?" என்று கேட்டார்.

"உங்க கைல குத்தமில்லீங்கம்மா" என்றார் அண்ணன்.

"அப்ப யாரு ஐயா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. அந்தப் பேச்சோடு அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அண்ணன் வாழ்நாளில் தவறு என்று நான் சொல்லக்கூடியது அந்த மௌனம் ஒன்றுதான். அதையும் என் பொருட்டே செய்தார்.

அந்த ஆண்டு சபைச் செயலாளர் பொறுப்புக்கு அண்ணன் பெயரைத்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் யாரோ இலை விஷயத்தை முணுமுணுத்தார்கள். அண்ணன் பெயர் கைவிடப்பட்டு என் பெயர் வந்தது. முதலில் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தவர் அண்ணன். அன்று முதல் நீங்கள் எல்லாரும் என்னைச் 'செயலாளர் ஐயா' என்கிறீர்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

விலை கொஞ்சம் தேறியது. ஆனால் அண்ணன் மூட்டையைப் பிறகு யாரும் பிரிக்காமல் வாங்கவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் குனிந்து, கொட்டிய கொழுந்தை அள்ளிக் கட்டுவார். வருடத்துக்கு ஒரு முறை, பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "சொல்லிட்டியா?" என்று கேட்பார். "இல்லீங்ணா" என்பேன். "செரி" என்பார். மற்ற நாளில் அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்.

கடைசியில் நுரையீரலில் நோய் கண்டு குன்னூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மத்தியானம் அண்ணி சாப்பாடு வாங்கப் போயிருந்தார். அண்ணன் என் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து இழுத்து அதே கேள்வியைக் கேட்டார். அது பெரிய வெள்ளி அல்ல. இனி அவருக்கு ஒரு பெரிய வெள்ளி வராது என்று இருவருக்கும் தெரியும்.

"சொல்லிட்டனுங்ணா" என்றேன்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்தோத்திரம்" என்றார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்தம்மா என்ன சொன்னார், யார் யாரிடம் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

அந்தப் பொய்யை மெய்யாக்க எனக்கு ஓராண்டு ஆகியிருக்கிறது. இதோ சொல்லிவிட்டேன். மூட்டையும் கயிறும் அண்ணனுடையவை. இலை என்னுடையது.

செல்லம்மா அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே போன செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அவர் சாவுக்கு வந்தப்பகூட அந்தக் கோபத்தோடதான் ஐயா நின்னேன். இப்ப வந்து சொல்றீங்களே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணிக்கும் தெரியப்படுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புகிறவர் அவர்தான். செயலாளர் பொறுப்பை விட்டு விலகும் கடிதத்தைப் போதகர் ஐயா கையில் கொடுத்துவிட்டேன்.

அண்ணன் நோயுற்றிருந்தபோது இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், ஜெபத்தோடு வந்து நின்ற போதகர் ஐயாவுக்கும், பெட்டியை மேடேற்றித் தோளில் சுமந்த ஜெகதளா இளைஞர்களுக்கும், அன்று கடையை அடைத்து மரியாதை செய்த பக்கத்துப் படகர் ஊரான ஹட்டியின் மக்களுக்கும், பெயர் விடுபட்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

இன்று ஆராதனையில் நான் முன்வரிசையில் இருக்க மாட்டேன். கடைசிப் பெஞ்சில், செருப்பு கழற்றும் கதவோரம் இருப்பேன். திட்ட நினைப்பவர்கள் அங்கே வந்து திட்டலாம். பேச வேண்டாம் என்று நினைப்பவர்கள் பேசாமலே கடந்து போகலாம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அண்ணன் மாதிரி மட்டும் யாரும் என்னிடம் நடந்துகொள்ளாதீர்கள். அதை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.