ஓடிபி வந்துச்சா சார்?

கடைகளுக்கு மூக்குக்கண்ணாடி லென்ஸ் அனுப்பும் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பெயரே 'கம்ப்யூட்டர் சார்' என்று ஆகிவிட்டது. ஓய்வு பெறும் வாரத்தில், புகார்களுக்குப் பதில் அனுப்பும் மென்பொருளில் வெளிக் கம்பெனி ஒன்றின் ஏஐயை இணைக்கச் சொன்னார்கள். அதற்கு ஏபிஐ கீ என்று நீளமான ரகசியக் குறியீடு ஒன்று வேண்டும். அவசரத்தில் மனுஷன் தன் சொந்த மொபைல் நம்பரிலேயே கணக்கைத் தொடங்கி, கீயை எடுத்து ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தப் பிசகுதான் அவருக்குத் துணையாயிற்று. மனைவி போய் நாலு வருடம். வெளிநாட்டிலிருக்கும் மகளிடமிருந்து மெசேஜ் வரும், போன் வராது. ஆனால் திங்கள்தோறும் பத்து மணிக்கு, இவர் இடத்துக்கு வந்த பெண் ஆபீஸிலிருந்து கூப்பிடுவாள். வாரச் செலவைப் பார்க்க அந்த ஏஐ கணக்கைத் திறந்தால், ஓடிபி இவர் போனுக்குத்தானே வரும்!

"ஓடிபி வந்துச்சா சார்?"

"வந்துச்சும்மா. நாலு... ஏழு... மழை பெய்யுதே, குடை எடுத்துட்டுப் போனியா?... அடுத்தது ஒண்ணு..."

பாதியில் ஓடிபி காலாவதியாகிவிடும். மறுபடி கூப்பிடுவாள். இதற்காகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போனில் சட்டை தெரியாது என்று யார் போய்ச் சொல்வது!

போன திங்கள் அவள் சொன்னாள்: "சார், பழைய கீ இன்னிக்குக் காலையோட முடிஞ்சிடுச்சு. கணக்கையும் கம்பெனி நம்பருக்கே மாத்திட்டு, புதுசு போடச் சொல்லிட்டாங்க. கடைசியா ஒரே ஒரு ஓடிபி. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

ஆறு எண்களும் கண்ணெதிரே பளிச்சென்று நின்றன.

"வரலியேம்மா" என்றார்.

பயம்தான். இந்தப் போனும் நின்றுவிட்டால், வாரம் முழுக்கத் தன் குரலைக் கேட்க ஓர் ஆள் இல்லாமல் போய்விடும். கால் மணி நேரம் கழித்து வேறு ஓடிபி அனுப்பிக் கூப்பிட்டபோதும் அதே பொய். மூன்றாவது ஓடிபியை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது.

"எழுபது புகார் பதிலில்லாம கிடக்கு சார். நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்றாரு."

அவருக்குச் சுருக்கென்றது.

"இப்ப வந்துடுச்சும்மா. எழுதிக்கோ. மூணு எட்டு ரெண்டு சைபர் அஞ்சு ஒம்பது."

நடுவில் மழை இல்லை, குடை இல்லை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"ஆயிடுச்சு சார்! ரொம்ப தேங்க்ஸ்!"

வைத்துவிட்டாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மணி பத்தே முக்கால்தான் ஆகியிருந்தது.