அறுபத்தொன்று என்று எழுதியிருந்த கதவு

அந்தச் சனிக்கிழமைக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

ஷார்ஜாவில், பழைய அமெரிக்கக் கார்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஒரு கராஜில் டிங்கரிங், பெயின்ட் வேலை எனக்கு. மஸில் கார் என்பார்கள். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின். அமெரிக்காவில் ஐம்பது வருஷத்துக்கு முன் செய்த வண்டிகள். இங்கே வசதியுள்ளவர்கள் கப்பலில் வரவழைத்து, உள்ளேயிருப்பதை எல்லாம் கழற்றி, புது எஞ்சின், புது பிரேக், நல்ல ஏசி வைத்துக்கொள்வார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் பழைய எஞ்சினோடு சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் பொங்கிவிடும். புது கியர்பாக்ஸ் உட்காருவதற்காக எத்தனையோ வண்டிகளின் தரையை நானே வெட்டியிருக்கிறேன். என் கோபம் அதைப் பற்றியதல்ல.

ஒரு ஆரஞ்சு நிற வண்டி வந்தது. வாங்கியவர் உள்ளூர்க்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நிதானமானவர். நாங்கள் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்போம். எங்களோடு இந்தியில் பேசுவார். இது பந்தயத்தில் ஓடிய வண்டி என்று விற்றவர் சொன்னதாகவும், ஆனால் அதற்குக் காகிதம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். புது எஞ்சின் வைத்து, பாடியைப் பளபளப்பாக்கி, பக்கவாட்டில் அழகுக்கு ஒரு பந்தய நம்பர் ஸ்டிக்கரும் ஒட்டித் தரச் சொன்னார்.

டிரைவர் பக்கக் கதவில் பழைய பெயின்டை எடுக்க ஆரம்பித்தேன். ஆரஞ்சுக்குக் கீழே பிரைமர், அதற்குக் கீழே நீலம். நீலத்தின் மேல் ஒரு வெள்ளை வட்டத்தின் ஓரம் தெரிந்ததும் கையை நிறுத்தினேன். மெல்லிய உப்புத்தாளை எடுத்து, தண்ணீர் விட்டு விட்டு, ஒன்றரை நாள் தேய்த்தேன். வட்டத்துக்குள் கறுப்பில் அறுபத்தொன்று என்ற எண் வந்தது. பிரஷ் பிடித்துக் கையால் எழுதியது. ஆறின் வயிறு ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓட்டியவர் பெயர், பக்கத்திலேயே அவருடைய ரத்தப் பிரிவு. அடிபட்டுக் கிடந்தால் டாக்டர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வண்டி முழுக்கத் தேடினேன். தரையில் நாலு இடத்தில் வெல்டிங் வைத்து அடைத்திருந்தது. வண்டி உருண்டால் ஓட்டுகிறவரைக் காக்கும் பாதுகாப்புக் குழாய்கள் நின்ற இடங்கள். கூரையின் உள்பக்கம் சுத்தியல் தழும்புகள். வண்டி உருண்டிருக்கிறது, யாரோ உள்ளேயிருந்து தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். இனி இதற்குக் காகிதம் எதற்கு என்று நினைத்தேன்.

மானேஜரிடம் காட்டினேன். கார் கண்காட்சிக்கு நாள் நெருங்குகிறது, ஜல்தி முடி என்றார். புதன்கிழமை அர்பாப் வந்தபோது அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். இந்தக் கதவை யாரும் தொட வேண்டாம், மற்றதைச் செய்யுங்கள் என்றார். மானேஜர் பக்கத்தில்தான் நின்றார். அர்பாப் போட்டோ எடுத்து, வண்டியை விற்றவருக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. கோயிலுக்குப் போய்விட்டு துபாய் கராமாவில் சாப்பிட்டுத் திரும்பினேன். சனிக்கிழமை காலை டூட்டிக்குப் போனால், கதவு முழுக்கச் சாம்பல் நிற பிரைமர். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

தேய்த்தது என் ரூம்காரர், என்னோடு ஒரே அறையில் தங்கி அதே கராஜில் வேலை செய்கிறவர். ராமநாதபுரத்துப் பக்கம், என்னைவிட மூத்தவர். வெள்ளிக்கிழமை ஓவர்டைமுக்கு மானேஜர் கூப்பிட்டிருக்கிறார்.

“எனக்கு என்ன தம்பி தெரியும்? அர்பாப் மனசு மாறிட்டாருன்னு மானேஜர் சொன்னாரு. தேய்க்கச் சொன்னாரு, தேச்சேன்” என்றார்.

மானேஜரிடம் போய்க் கேட்டேன். பளபளக்கும் வண்டியில் ஒரு கதவு மட்டும் சொறி பிடித்த மாதிரி இருந்தால் கராஜுக்குத்தான் அசிங்கம் என்றார். கலாஸ், முடிந்தது முடிந்ததுதான், போய் வேலையைப் பார் என்றார்.

அடுத்த நாளே அர்பாப் வந்தார், கையில் போனோடு, சிரித்த முகமாக. விற்றவர் வழியாக அந்தப் பந்தயக்காரரின் மகள் கிடைத்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அனுப்பியிருந்தார். வைக்கோல் கட்டுகளின் முன்னால் இதே வண்டி, கதவில் அறுபத்தொன்று, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர். வண்டி உருண்ட பிறகும் அதைத் தட்டிச் சரிசெய்து இரண்டு வருஷம் ஓட்டினாராம். படத்தைக் கதவோடு ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர், பிரைமரைப் பார்த்துவிட்டு மானேஜர் பக்கம் திரும்பினார்.

“பெயின்டர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்” என்று மானேஜர் என்னைக் கை காட்டினார்.

எத்தனையோ விஷயத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறேன். அன்று முடியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: “அர்பாப், நான் தேய்க்கல. நீங்க தொடாதேன்னு சொன்னப்ப இவரும் இங்கதான் நின்னாரு. தேய்க்கச் சொன்னது இவரு.”

மானேஜர் அரபிக்கு மாறிவிட்டார். எனக்கு அவ்வளவு அரபி வராது. அர்பாப் கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: திரும்ப எழுத முடியுமா?

எண்ணை எழுதலாம், அவர் எழுதினதை நான் எழுத முடியாது என்றேன். மானேஜர் குறுக்கே வந்தார். எழுதி, மேலே இரும்பு நாரால் தேய்த்துவிட்டால் ஐம்பது வருஷப் பழசு மாதிரி ஆகிவிடும், யாருக்கும் தெரியாது என்றார். அர்பாப் சரி என்று தலையாட்டினார். நான் மாட்டேன் என்றேன்.

துபாய் சத்வாவிலிருந்து போர்டு எழுதுகிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நல்ல கைக்காரர்தான். கண்காட்சியில் ஜனங்கள் அந்தப் பொய்க் கீறல்களைத் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்தார்கள். அசல் பெயின்ட், கவனமாகப் பாதுகாத்தோம் என்று மானேஜர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் துணியோடு நின்று கைரேகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கண்காட்சியில் எடுத்த படத்தை அர்பாப் அந்தப் பந்தயக்காரரின் மகளுக்கும் அனுப்பியிருக்கிறார். இரண்டு நாளில் பதில் வந்தது. இது என் அப்பா எழுதியது அல்ல, அவருடைய ஆறு இப்படி நேராக இருக்காது, என்ன நடந்தது என்று அந்த அம்மா கேட்டிருந்தார்.

அர்பாப் கராஜுக்கு வந்து மானேஜரைப் பார்த்துக் கத்தினார். என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்றார். சரி என்று தலையாட்டியது தானும்தான் என்பதை அவர் சொல்லவே இல்லை. பொய்க் கீறல்களை எல்லாம் எடுத்துவிட்டு, புது பெயின்டில் எண்ணை மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். பழையது இங்கே அழிக்கப்பட்டது என்று மகளுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள் அர்பாப் என்று கேட்டுக்கொண்டேன். பார்க்கலாம் என்றார். சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

மானேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. கான்ட்ராக்ட் முடிந்ததும் நான் ராஸ் அல் கைமாவில் வேறு கராஜுக்கு மாறிவிட்டேன். கிளம்புமுன் ரூம்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் தேய்த்தார் என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தது என் தப்பு. “ஒரு வார்த்தை விசாரிக்காம தேச்சது என் தப்பும்தான் தம்பி. நீயாச்சும் மன்னிப்புக் கேட்டியே” என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி வரைக்கும் வந்தார். அந்தக் கராஜில் செய்தது தப்பு என்று வாய்விட்டுச் சொன்னது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.