கிடர்பூரில் பெற்ற பிள்ளை

நான் இரண்டாவது பிள்ளையைத்தான் வலி தெரிந்து பெற்றேன். இதைச் சொன்னால், வலி தெரியாமல் எவள் பிள்ளை பெற்றாள் என்று சிரிக்கிறார்கள். ஏன், நான் பெற்றேனே! மூத்தவள் எங்கள் ஊர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். வெள்ளைக்கார டாக்டரம்மா என் மூக்கில் ஒரு துணியை வைத்து எதையோ சொட்டுச் சொட்டாக விட்டாள். கண் விழித்தபோது பக்கத்தில் குழந்தை கிடந்தது. யாரோ சமைத்து வைத்ததை நான் பரிமாறின மாதிரி இருந்தது எனக்கு. அந்த மருந்துக்குப் பெயர் குளோரோபாரம் என்று பிறகு சொன்னார்கள்.

அதைக் கொடுக்கச் சொல்லி அடம்பிடித்தவள் என் அம்மா. அதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஒரே ஒரு அக்கா. தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பாமல் மாமியார் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். மூன்று நாள் வலி. பிள்ளையும் தங்கவில்லை, அவளும் தங்கவில்லை. ஆள் வந்து சொல்லி, வண்டி பூட்டி, அம்மா போய்ச் சேர்ந்தபோது வாசலைக்கூடக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மா அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், உலை வைத்தாள். “வலிதான் எம்புள்ளையக் கொன்னுட்டு. பக்கத்துல நானும் இல்லாமப் போயிட்டேன்” என்று மட்டும் சொன்னாள். அதோடு எனக்கு இரண்டு சட்டம் போட்டாள். நான் பிள்ளை பெறும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வலி தெரியக் கூடாது.

என் கணவருக்கு வங்காளத்தில், கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. துறைமுகத்துக்குப் போகிற சந்தில், ஒரு வங்காளிக் குடும்பத்தின் வீட்டில் மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இளகிப் போகிறது. தார் வாசனை, கைவண்டிக்காரர்களின் சத்தம், தூரத்தில் கப்பல் ஊதுவது, கீழே மீன் பொரிகிற வாடை. சைவக் குடும்பத்துப் பெண்ணாகிய நான் வந்த புதிதில் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். மூன்றாவது வருஷம் அந்த வாடையை வைத்துத்தான் மணி பத்தாகிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். கீழ்வீட்டு அம்மாளை ‘தீதி’ என்பேன், அக்கா என்று. அவள் என்னைப் ‘பௌமா’ என்பாள், மருமகளே என்று. வெற்றிலை குதப்பிய வாயும், சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையும், வீடு அதிரும் குரலுமாக இருப்பாள். அவளைப் போல ஒருத்தியை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

இரண்டாவது பிள்ளை உண்டானதும் அம்மா ஊருக்குக் கூப்பிட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதினாள். நான்தான் போகவில்லை. போன தடவை பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், மனிதர் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தின்று எலும்பும் தோலுமாக நின்றார். அதைத்தான் எல்லோரிடமும் காரணமாகச் சொன்னேன். எனக்கு அந்தச் சந்தை விட்டுப் போக மனசில்லை என்பதுதான் நிஜம். கடைசியில் அம்மாவே புறப்பட்டாள். சென்னையைக்கூடப் பார்த்திராதவள், கம்பெனிக்காரர் ஒருவரின் குடும்பத்தோடு ரயிலேறி, லேகியப் பானையை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் பிரயாணம் வந்தாள். அலிப்பூரில் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் என் கணவர் மயக்க மருந்துக்குச் சொல்லிவைத்திருந்தார். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் ஏற்பாடு செய்திருந்தோம்.

அன்று காலை அவர் அம்மாவை அழைத்துவர ஹௌராவுக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில், நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் என்னவோ களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டேன் என்று நினைத்துத் துடைக்கத் துணி தேடினேன். ஒரு பிள்ளை பெற்றவளின் லட்சணம் அது! தீதிதான் மேலே வந்து பார்த்துவிட்டு, “ஐயோ பௌமா, இது அரிசித் தண்ணீர் இல்லை” என்று என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள். மூத்தவளைத் தன் மருமகளிடம் ஒப்படைத்தாள். அலிப்பூருக்கு ஆள் ஓடினான். டாக்டரம்மா எங்கோ ஜமீன்தார் வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம்தான் வருவாள் என்று வந்து சொன்னான். உடனே தீதி தன் பிள்ளைகள் அத்தனையையும் எடுத்த மருத்துவச்சியை வரவழைத்தாள். வற்றிப்போன கிழவி, கையில் நகமே இல்லை. மருந்தாவது மாயமாவது, அவள் கொண்டுவந்தது ஒரு கிண்ணம் கடுகெண்ணெய்தான்.

பிறகு ஆரம்பித்தது. ஈரத்துணியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குவார்களே, அப்படி என் இடுப்பை முறுக்கியது. விட்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் முறுக்கியது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிரசவிக்கிறவளின் குரல் வாசற்படி தாண்டக் கூடாது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன், உதட்டைக் கடித்தேன். மருத்துவச்சி துணியைப் பிடுங்கி எறிந்து, கத்து, நன்றாகக் கத்து என்றாள். கத்தினேன். சும்மா கத்தவில்லை. என் கணவரை, அவர் கம்பெனியை, அந்த ஜமீன்தார் வீட்டை எல்லாம் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் வைதேன். நான் சாமி பேரைச் சொல்கிறேன் என்று நினைத்துத் தீதியும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனால் உள்ளுக்குள் அக்கா நினைப்பாகவே இருந்தது. அக்கா மூன்று நாள் இப்படிக் கிடந்தாள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்றைக்குத்தான் அது என் உடம்புக்குத் தெரிந்தது. செத்துப்போவேன் என்று நினைத்தேன். அம்மா இந்தத் தடவையும் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து நிற்பாள் என்று நினைத்தபோது, வலியைவிட அதற்குத்தான் அதிகமாக அழுதேன். “வண்டி வந்துட்டா, வண்டி வந்துட்டா” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவில்லை. கப்பல்கள் போவதற்காக, ஹௌராவில் அப்போதிருந்த மிதவைப் பாலத்தை நடுவில் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் அந்தக் கரையிலேயே வண்டி நின்றது என்று பிறகு சொன்னார்கள்.

வெயில் முற்றத்துக்கு நடுவில் வந்தபோது பிள்ளை பிறந்தான். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அழுதான். நான் பெற்ற பிள்ளையின் முதல் அழுகையை அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவச்சியின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

தீதிக்குக் கால் தரையில் பாவவில்லை. பூஜை அறைக்கு ஓடிச் சங்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஊதினாள். வங்காளிகள் வீட்டில் பிள்ளை பிறந்தால் சங்கு ஊதுவார்கள். கல்யாணத்துக்கு ஊதுவார்கள், விளக்கு வைத்ததும் ஊதுவார்கள். மூன்று வருஷத்தில் அது எங்கள் காதுக்குப் பழகிவிட்டது. ஊருக்கு எத்தனையோ கடிதம் போட்டோம், இதை எழுத வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் வீட்டு வாசலில் சங்கு ஊதினால், உள்ளே பிணம் கிடக்கிறது என்று அர்த்தம்.

வண்டி சந்துக்குள் திரும்பியது அந்த நேரத்தில்தான். “இதுதான் நம்ம வீடு அத்தை” என்று என் கணவர் கை காட்டியிருக்கிறார். காட்டிய வாசலில் சங்கு முழங்குகிறது. காலையில் நன்றாக விட்டுப் போன பெண்டாட்டி, கெடுவுக்கு இன்னும் பத்து நாள், பட்டப்பகலில் எதற்குச் சங்கு? சங்குக்குப் பழகிய மனிதரே, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டாராம். அம்மா ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டாள்.

“எம்மா! எஞ்செல்வமே! நீயும் போயிட்டியா!”

நான் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா தெருப் புழுதியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். வந்தவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் சேர்ந்து குலவையிட்டார்கள். தீதி இன்னும் பலமாக ஊதினாள். எனக்கு வைத்த ஒப்பாரியை நானே கேட்டேன். கொஞ்சம் போனதும் அது என் ஒப்பாரி இல்லை. “மூணு நாளு கெடந்தியே, எம்மான்னு கூப்பிட்டியோ, தண்ணி கேட்டியோ, முகத்தக்கூட காட்டாம அனுப்பிட்டாங்களே” என்று அழுதாள். அக்காவுக்கு அழாத அழுகையெல்லாம் அந்தச் சந்தில் வந்து விழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. இருந்த உயிரையெல்லாம் கூட்டி, “எம்மா, நான் சாவலம்மா! இங்கன உள்ள கெடக்கேன், வாம்மா!” என்று கத்தினேன்.

சத்தம் நின்றது. அம்மா வந்தாள். காலைக் கழுவச் சொன்ன தீதியைத் தள்ளிவிட்டு வந்தாள். தலை அவிழ்ந்து, முகமெல்லாம் புழுதி. என் நெற்றியைத் தொட்டாள், கையைத் தொட்டாள், போர்வைக்குள் கை விட்டுப் பாதத்தைத் தொட்டுச் சூடு பார்த்தாள். மருத்துவச்சி பிள்ளையை நீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“டாக்டரம்மா வந்தாளா?”

“வரல.”

“மருந்து?”

“இல்லம்மா.”

என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குனிந்து, “ரொம்ப வலிச்சுதாட்டி? அவளுக்கும் இப்படித்தான்...” என்றாள்.

“ஒண்ணுமே இல்லம்மா” என்றேன். “சும்மா பெருசாச் சொல்லுதாங்க. கொஞ்ச நேரந்தான். அப்புறம் தன்னால மயக்கம் வந்துருது, ஒண்ணும் தெரியல. அக்காவுக்கும் தெரிஞ்சிருக்காது.”

என் குரல் கத்திக் கத்திக் கட்டிப்போயிருந்தது. கடித்த உதடு வீங்கி, அதில் ரத்தம் காய்ந்திருந்தது. அம்மா அந்த உதட்டையே பார்த்தாள். முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் துடைத்துவிட்டாள்.

“சரிட்டி” என்றாள். அப்புறம்தான் பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள்.